தோற்றவனுக்கும் அரைப் பேர்

ஐஸ் ஹொக்கியை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு ஜலந்தர்க்காரர். 2003ஆம் ஆண்டுக் கடைசியில் டொரண்டோவுக்குப் போய் ஸ்கார்பரோவில் ஒரு பேக்கரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தபோது, அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர் அவர். மாவு தூவிய மேசையில் விரலால் கோடு கிழித்து, இது நடுக்கோடு, இது கோல் என்று காட்டுவார். ஆடுகளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு பக்கத்துக்கு கோல் காப்பாளரோடு ஆறு பேர். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வட்டுதான். பனித்தரையில் துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுவார்கள் என்று அவர் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை.

அதுவரை ஹொக்கி என்றால் எனக்கு மாத்தளைதான். இலங்கையில் புல்தரை ஹொக்கிக்குப் பேர் போன ஊர் அது. ஹட்டன் பக்கம் எங்களுக்குத் தெரிந்தது கால்பந்து, கிரிக்கெட், எல்லே. தரவளையிலும் ராதெல்லையிலும் துரைமார் கழகங்களுக்குப் பச்சைப் பாய் விரித்த மைதானங்கள் இருந்தன. சின்ன வயதில் வேலிக்கு வெளியே தேயிலைச் செடிக்குள் நின்று பார்த்திருக்கிறேன். குளிர் மட்டும் எனக்குப் புதிதில்லை. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலை உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் டொரண்டோ குளிரில் ஜனங்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடாமல், தண்ணீர் உறைந்த இடத்தில் எல்லாம் பிள்ளைகளைச் சறுக்கவிட்டு ஆட வைத்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஆட்டத்தைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அங்கே நடக்கும் பெரிய தொழில்முறை லீக்கின் கணக்கு. ஒரு அணிக்கு ஒரு பருவத்தில் 82 ஆட்டம். ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் வெயில், பனி என்று பாராமல் நடக்கும். இன்றைக்குத் தோற்றால் நாளை மறுநாள் வேறு ஊரில் ஆடப் போக வேண்டும். வென்றால் இரண்டு புள்ளி. கூடுதல் நேரத்தில் தோற்றால் ஒரு புள்ளி. முதல் மூன்று பகுதிக்குள் தோற்றால்தான் வெறுங்கை. அந்த ஒற்றைப் புள்ளியைப் பற்றிக் கேட்டதும் எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோல் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை பதிவாவதைப் பேர் போடுவது என்போம். அன்றைக்கு எடுத்த கொழுந்து நிறை போதாவிட்டால் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போடுவார். அம்மா மாதக் கடைசியில் விரல் மடக்கி முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை என்று எண்ணுவதை லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். வெள்ளைப் பனியில் ஓடும் இந்தக் கோடீஸ்வரர்களின் கணக்கும் அதே கணக்குத்தான்.

எங்கள் தோட்டத்துப் பந்துப் போட்டியைச் சொன்னால்தான் நான் ஏன் இதில் இப்படி விழுந்தேன் என்பது புரியும். வருடத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில் நடக்கும் போட்டி அது. பெரும்பாலும் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை. அணிக்கு ஏழு பேர், பத்துப் பன்னிரண்டு அணிகள், நொக் அவுட் முறை. ஒரு ஆட்டம் தோற்றால் வீடு. அப்பா கீழ்ப்பிரிவு அணியில் பின்வரிசை ஆட்டக்காரர், கவாத்து மலையில் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைக்காரர். விடிந்ததும் கழுவிய ஜெர்சியை மாட்டிக்கொண்டு போவார். பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிடுவார். மைதானம் ஒரு பக்கம் சரிவு. பந்து தப்பினால் தேயிலைக்குள் உருண்டு ஆற்றோரம் போய்விடும். மத்தியானத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் எதிர்க் கோல் கண்ணுக்கே தெரியாது. ஒரு பிழை, ஒரு சறுக்கல், அதோடு அந்த வருடம் முடிந்துபோகும். அடுத்த பந்தை உதைக்க அவர் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. லீக் நடத்துவதற்கு வாரம் தவறாமல் ஓய்வு நாள் வேண்டும், மைதானம் வேண்டும், போக வர வண்டிக் காசு வேண்டும். ஆறு நாள் மலையேறிவிட்டு ஏழாவது நாள் விறகுக்கும் தண்ணீருக்கும் அலைகிறவர்களுக்கு ஒரு ஞாயிறு கிடைத்ததே பெரிது. தோற்றவனுக்கும் மறுநாள் உண்டு என்கிற ஏற்பாட்டை நான் முதன்முதலாகக் கண்டது டொரண்டோவில்தான்.

2004 வசந்தத்தில் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் பிளேஓஃப் சுற்றுக்குப் போனது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி அப்பாவைக் கூப்பிட்டு அதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “நொக் அவுட்டா?”

“நொக் அவுட்தான். ஆனா ஒருத்தனோட ஏழு ஆட்டம். நாலு ஜெயிச்சவன் அடுத்த ரவுண்டுக்குப் போவான்.”

“அப்ப நாலு தடவ தோத்தாத்தான் வெளியவா?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நல்ல சட்டம் தம்பி. இது மனுசனுக்குப் போட்ட சட்டம்.”

அன்று முதல் அவரும் லீஃப்ஸ் ரசிகர். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே, என் வாயால் கேட்டே ரசிகரானார். அந்த வருடம் ஒட்டாவாவை ஏழாவது ஆட்டத்தில் வென்றோம், பிலடெல்ஃபியாவிடம் ஆறாவது ஆட்டத்தில் விழுந்தோம். இனி ஒக்டோபரில் பார்க்கலாம் என்றேன்.

ஒக்டோபரில் ஆட்டமே இல்லை. வீரர்களின் சம்பளத்துக்கு மேல்வரம்பு வேண்டும் என்று உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தார்கள். 2005 பெப்ரவரி 16ஆம் திகதி பருவம் முழுவதையும் இரத்துச் செய்வதாக அறிவித்தார்கள். கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் கொடுத்த சாம்பியன் கிண்ணத்தை அந்த வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை. பேக்கரியில் பலரும் வீரர்களைத் திட்டினார்கள், கோடிக்கணக்கில் வாங்கியும் போதவில்லையா என்று. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வேல நிறுத்தம் செஞ்சது ஆட்டக்காரங்களா, கேட்டப் பூட்டுனது தொரமாரா?” தொரமார்தான் என்றேன். “அப்ப யாரத் திட்டணும்னு தெரியாமத் திட்டுறாங்க.” கூலி எவ்வளவு என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். வேலைக்கு வந்து நிற்பவனை வெளியே நிறுத்தியது யார் என்பதுதான் அவருக்கு முதல் விஷயம். அடுத்த பருவத்தில் ஒரு அணிக்கு 3 கோடியே 90 லட்சம் டொலர் என்ற சம்பள வரம்போடு லீக் திரும்பி வந்தது. உரிமையாளர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்தது.

பிறகு தொடர்ந்து ஏழு பருவம் லீஃப்ஸ் பிளேஓஃப் பக்கமே போகவில்லை. 2008இல் பஞ்சாபி மொழியில் ஹொக்கி வர்ணனை ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஜலந்தர்க்காரர் எனக்கு விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, தன் பாஷையிலேயே சத்தம் போட்டு ரசிக்க ஆரம்பித்தார். பி. எச். அப்துல் ஹமீதின் குரலை வானொலியில் கேட்டு வளர்ந்தவன் நான். தமிழில் ஒருவர் இந்த ஆட்டத்தைச் சொல்லக் கேட்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

2013 மே 13. டொரண்டோவில் என் வயதுக்காரர்கள் யாரும் மறக்காத இரவு. அந்தப் பருவத்தில் 48 ஆட்டம்தான், மறுபடியும் ஒரு கதவடைப்பு மிச்சத்தைத் தின்றுவிட்டது. பொஸ்டனோடு முதல் சுற்று, ஏழாவது ஆட்டம். மூன்றாவது பகுதியில் லீஃப்ஸ் 4-1 என்று முன்னால். பதினோரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் பொஸ்டன் ஒரு கோல் போட்டது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள், 31 விநாடி இடைவெளியில், இன்னும் இரண்டு. சமன். கூடுதல் நேரத்தில் பட்ரிஸ் பெர்ஜரோன் அடித்ததும் முடிந்தது. எங்கள் அடுக்குமாடியில் சுவர்களுக்கு அப்பாலிருந்து வந்த கூச்சல் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது.

தோட்டத்தில் அப்போது செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. அப்பா காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து மலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் அவர் வீடு திரும்பிய பிறகுதான் பேச முடிந்தது. நான் அழாத குறையாகச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றி, தோட்டச் சம்பளக் கதையைச் சொன்னார். அந்த வருடத்துக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30, மொத்தம் 620. அந்த 140 ரூபாய் கிடைக்க வேண்டுமானால் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். காய்ச்சலில் ஒரு வாரத்துக்கு மேல் படுத்தால் அது பறிபோகும். “ஒரு வாரத்துக்கு மேல படுத்தவன சோம்பேறின்னா ஒத்துக்குவியா? அப்ப நாப்பத்தெட்டு ஆட்டம் ஒழுங்காப் பேரு போட்டவன ஏன் ஒரு ராத்திரிய வச்சு எடை போடுற?”

அந்தக் கேள்வியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. டொரண்டோவில் எல்லோரும் 1967 என்ற ஆண்டை ஒரு தழும்பு போலச் சுமக்கிறார்கள். லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்ற ஆண்டு அது. சபிக்கப்பட்ட அணி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆனால் 1967இல் லீக்கில் இருந்தது ஆறே அணிகள். அதில் நான்கு பிளேஓஃப் போகும், இரண்டு தொடர் வென்றால் கிண்ணம். இன்றைக்கு 32 அணிகள். பதினாறு பிளேஓஃப் போகும், நான்கு தொடர், பதினாறு வெற்றி வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து வீரர்களை இகழ்வது நியாயமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பருவம் முழுவதும் அதிகப் புள்ளி எடுத்த அணிக்கு 1985-86 முதல் பிரெசிடென்ட்ஸ் கிண்ணம் என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. அதை வென்ற அதே வருடம் ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றது 2013 வரை எட்டே முறை. அதன் பிறகு 2025 வரை ஒரு அணியாலும் முடியவில்லை. 2019இல் டம்பா பே 82 ஆட்டத்தில் 62 வென்று, 128 புள்ளி எடுத்து, முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்று வெளியேறியது. ஆறு மாத உழைப்பு ஒரே வாரத்தில் பேச்சுக்கே இல்லாமல் போனது. பிளேஓஃப் ஆட்டத்தின் உக்கிரத்தை நான் மறுக்கவில்லை. அங்கே கூடுதல் நேரத்துக்கு எல்லையில்லை, ஒரு கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்க்கும்போது என் கை நடுங்கும். ஆனாலும் யார் நல்ல அணி என்று கேட்டால் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான ஏட்டைத்தான் நான் புரட்டுவேன்.

2023 ஏப்ரலில் ஊருக்குப் போனேன். நுவரெலியாவில் சீசன் நேரம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகறி வாவியைச் சுற்றி கொழும்பு வாகனங்கள் அசையாமல் நின்றன. தங்கச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வந்தோம். மற்ற நாளெல்லாம் தோட்டத்தில்தான். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். காலையில் நாலரைக்கு எழுந்துவிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. டொரண்டோவில் இரவு ஏழு மணி ஆட்டம் ஊரில் சரியாக நாலரைக்குத் தொடங்கும். லயத்துக்குள் சிக்னல் வராது என்பதால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோயில் படிக்கட்டுக்குப் போனோம், போன் என் கையில், பிளேன்டீ போத்தல் அவர் கையில்.

ஏப்ரல் 30, ஞாயிறு காலை. டம்பா பேயோடு ஆறாவது ஆட்டம், கூடுதல் நேரம். ஜோன் டவாரெஸ் திரும்பி அடித்த வட்டு உள்ளே போனது. 2004க்குப் பிறகு லீஃப்ஸ் வென்ற முதல் தொடர். பத்தொன்பது வருடம். நான் எழுந்து கத்திய கத்தலில் பூசகர் வெளியே வந்துவிட்டார். அப்பா என் முதுகில் கை வைத்து, “இரு இரு, கோயிலு” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இத்தனை காலம் என் வாயால் கேட்ட ஆட்டத்தை அவர் கண்ணால் பார்த்த முதல் தொடர் அது.

மறுநாள் மே தினம். தோட்டத்து வாசலில் சங்கக் கொடி கட்டிய பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் படிக்கட்டில் பொஸ்டன், ஃபுளோரிடா ஏழாவது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொஸ்டன் அந்தப் பருவத்தில் லீக் வரலாற்றிலேயே அதிகம், 65 வெற்றி, 135 புள்ளி. ஃபுளோரிடா 92 புள்ளியோடு கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்த அணி. முழு ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது ஃபுளோரிடா சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி அடித்து முடித்தார். நான் பத்து வருடப் பழி தீர்ந்த மாதிரித் துள்ளினேன். 2013ஐ நான் மறக்கவில்லையே.

அப்பா துள்ளவில்லை. “அந்தப் பொஸ்டன் கணக்கச் சொல்லு.”

“அறுபத்தஞ்சு வெற்றி. பன்னிரண்டு தோல்வி. அஞ்சு, கூடுதல் நேரத்துல தோத்தது.”

“அறுபத்தஞ்சு முழுப் பேரு, அஞ்சு அரைப் பேரு. பன்னண்டு நாளுதான் சும்மா.” அம்மாவைப் போலவே விரல் மடக்கினார். “அந்தப் பசங்களுக்கு அதுக்குன்னு ஏதும் குடுப்பாங்களா?”

பிரெசிடென்ட்ஸ் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். “வரவுக்குத் தனியா ஒண்ணு வச்சிருக்கான். இங்க அதையும் எடுத்துட்டான்.” உண்மைதான். 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளத்தை 700 ஆக்கியபோது வரவுக் கொடுப்பனவை நீக்கிவிட்டார்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபாய் வந்தது. அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருடம் ஹட்டன் வீதியில் உட்கார்ந்தார்கள் என்பதை வாசலில் பஸ் ஏறிய ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

லீஃப்ஸ் அடுத்த சுற்றில் அதே ஃபுளோரிடாவிடம் ஐந்து ஆட்டத்தில் தோற்றது. 2024இல் மறுபடி பொஸ்டன், மறுபடி ஏழாவது ஆட்டம், மறுபடி கூடுதல் நேரம். 2025இல் 108 புள்ளி எடுத்து தங்கள் பிரிவில் முதலிடம் வந்து, ஒட்டாவாவை வென்று, ஃபுளோரிடாவோடு 2-0 என்று முன்னால் போய், சொந்த ஊரில் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று நொறுங்கியது. ரசிகர்கள் ஜெர்சியைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. 52 வெற்றி கொடுத்தவர்களின் காலடியில் அப்படி எறிய எப்படி மனம் வருகிறது?

அப்பா இதற்கிடையில் தோட்டத்தில் ஒரு வேலை பார்த்துவிட்டார். நொக் அவுட் போட்டியை லீக்காக மாற்ற வேண்டும் என்று இளைஞர் மன்றத்துப் பையன்களிடம் ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான்கு பிரிவுக்கு நான்கு அணி, ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் இரண்டு தடவை, ஞாயிற்றுக்கு இரண்டு ஆட்டமாக ஆறு ஞாயிறு என்று எழுதிப் போட வைத்துவிட்டார். பந்துக்கும் வலைக்கும் நானும் டொரண்டோவில் இருக்கும் எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலரும் காசு அனுப்பினோம். சமனில் முடிந்தால் பெனால்டி, பெனால்டியில் தோற்றவனுக்கும் ஒரு புள்ளி என்று அப்பா பிடித்த பிடியை விடவில்லை. தோற்றவனுக்கு எதற்குப் புள்ளி என்று மேல்பிரிவுப் பையன்கள் சண்டை பிடித்தார்களாம். பெரியவர் சொன்னால் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

முதல் ஞாயிறு மழையில் போனது. அதன் பிறகு நடந்தது. கீழ்ப்பிரிவு முதல் நான்கு ஆட்டத்திலும் தோற்றது. அதில் இரண்டு பெனால்டியில். ஐந்தாவது ஆட்டத்துக்கும் ஏழு பேரும் வந்து நின்றார்கள், கொழும்பில் வேலை செய்கிற இரண்டு பையன்கள் சனி இரவு பஸ் பிடித்து வந்தார்கள். பழைய முறையாக இருந்தால் முதல் காலையிலேயே அவர்கள் கதை முடிந்திருக்கும். அந்த ஆட்டத்தில் வென்றார்கள். போனில் அப்பா கோலைச் சொன்ன விதத்தில், நாங்கள் படிக்கட்டில் டவாரெஸ் கோலைப் பார்த்தபோது இருந்த நடுக்கம் இருந்தது.

இப்போது அடுத்த வருடத்து ஏற்பாட்டில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். லீக் முடிந்து முதலிடத்தில் நிற்கும் அணிக்கே கப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நான் சொல்வதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னதிலிருந்துதான் எடுத்தேன். அவர் சம்மதிக்கவில்லை. முதல் இரண்டு அணிக்கும் ஒரு இறுதி ஆட்டம் வேண்டும் என்கிறார், அதுவும் திருவிழா ஞாயிற்றுக்கிழமை.

“அப்ப ஆறு வாரம் போட்ட பேரு என்னாவுறது?” என்று கேட்டேன்.

“அது ஏட்டுல இருக்கும்டா. யாரும் அழிக்கல. ஆனா வருசத்துல ஒரு நாளாவது நாலு பிரிவு சனமும் ஒரு எடத்துல வந்து நிக்க வேணாமா?”

பையன்கள் அவர் பக்கம்.